எஞ்சின் மூச்சுக்குழாயில் எண்ணெய் வந்தால்

நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் எஞ்சினில், பெட்ரோலோடும் பேட்டரியோடும் சம்பந்தமில்லாத ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கிராங்க்கேஸின் மேல்பக்கத்திலோ சிலிண்டர் ஹெட் மூடியிலோ கிளம்பி, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் போய் முடியும். பட்டறைகளில் இதற்குப் பெயர் ப்ரீத்தர் ஹோஸ். எஞ்சின் மூச்சு விடுகிற குழாய். இதில் லேசாக எண்ணெய்ப் பூச்சு படிந்திருப்பது இயல்பு. எந்த வண்டியிலும் பார்க்கலாம். சொட்டுச் சொட்டாக ஒழுகினாலோ, ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறிக் கிடந்தாலோதான் காரணம் தேட வேண்டும்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் இந்தக் குழாய் இரு சக்கர வண்டிக்காரர்களைவிட லாரிக்காரர்களுக்கு நெடுநாள் பழக்கம். நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும் திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் வண்டிகளிலும் ஒரு டீசல் எஞ்சினின் வயதைக் கணிக்க ப்ரீத்தரில் வரும் புகையைப் பார்ப்பது பழைய வழக்கம். புகை குபுகுபுவென்று அடித்தால் ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். எரியும் அறையிலிருந்து வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அதற்குப் பொருள். இப்போது ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன் போன்ற மண்பாதை வண்டிகள் போய்வருகின்றன. லாரிப் பட்டறையின் அதே கேள்வி இந்தச் சிறிய எஞ்சின்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பதில் மட்டும் பல நேரங்களில் வேறு.

எஞ்சின் ஏன் மூச்சு விட வேண்டும்? பிஸ்டனின் மேல்பக்கம் நடப்பதை எல்லோரும் அறிவார்கள். கீழ்ப்பக்கத்தை யாரும் நினைப்பதில்லை. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியின் எஞ்சின் 199.6 சிசி. பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் மேலே அந்த அளவு இடம் உண்டாகிறது, கீழே கிராங்க்கேஸில் அதே அளவு இடம் குறைகிறது. அங்கிருக்கும் காற்று நசுங்குகிறது. பிஸ்டன் மேலேறும்போது அதே காற்று விரிகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் நொடிக்கு 100 முறை இந்த நசுங்கலும் விரிதலும் நடக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும், கணக்கு சரியாகிவிடும். ஒற்றை சிலிண்டருக்கு அந்தத் துணை இல்லை. மண்பாதை வண்டிகளில் பெரும்பாலானவை ஒற்றை சிலிண்டர் என்பதால் ப்ரீத்தர் தொல்லை அவற்றில்தான் அதிகம்.

இதோடு, புத்தம்புது எஞ்சினிலும் எரிந்த வாயு கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வரத்தான் செய்யும். அதில் எரியாத பெட்ரோல் ஆவி உண்டு, கரி உண்டு, நீராவியும் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடும். சிறு பங்கு கிராங்க்கேஸுக்குள் இறங்கும். அங்கே கிராங்கும் கியர்ப் பற்களும் எண்ணெயை அடித்துத் துளித்துளியாகச் சிதறடித்துக்கொண்டிருக்கின்றன. வெளியேறும் காற்று அந்தத் துளிகளையும் தூக்கிக்கொண்டு வரும். அதைப் பிரித்தெடுக்க எஞ்சினுக்குள் வளைந்து செல்லும் சிறு அறைகள் வைத்திருப்பார்கள். எண்ணெய்த் துளி சுவரில் மோதிக் கீழே வடிய, காற்று மட்டும் மேலே போகும். இந்தப் பிரிப்பறையால் சமாளிக்க முடியாத அளவு எண்ணெயோ காற்றோ வரும்போது ஒழுகல் தொடங்குகிறது. ஆக, கேள்வி இரண்டுதான்: எண்ணெய் அதிகமா, காற்று அதிகமா?

பழைய புல்லட்டில் இந்த ஏற்பாடு கண்ணுக்கு வெளிப்படையாகத் தெரியும். 1955-ல் சென்னையில் உருவான என்ஃபீல்டு நிறுவனத்தின் இரும்பு சிலிண்டர் புல்லட்களில் ப்ரீத்தரின் முனையில் வாத்தின் அலகு போன்ற தட்டை ரப்பர் ஒன்று இருந்தது. உள்ளிருந்து காற்று தள்ளினால் இரண்டு இதழும் விரியும். வெளியிலிருந்து இழுத்தால் ஒட்டிக்கொள்ளும். அதனால் கிராங்க்கேஸுக்குள் அழுத்தம் எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும், ஆயில் சீல்கள் பிழைக்கும். ரப்பர் காய்ந்து இதழ் விறைத்துவிட்டால் எண்ணெய் எல்லாப் பக்கமும் கசியத் தொடங்கும். புல்லட்டின் எண்ணெய்க் கசிவுக்கு வார்ப்பைத் திட்டியவர்கள் பலர். அந்தச் சின்ன ரப்பரைத் திட்டியவர்கள் குறைவு.

புல்லட்டுக்கு இன்னொரு தனி வியாதியும் உண்டு. அதன் எண்ணெய் தனி அறையில் நிற்கும். பம்ப் அதை எடுத்துக் கொடுத்துத் திரும்ப அங்கேயே சேர்க்கும். வண்டி வாரக்கணக்கில் நின்றால் அந்த எண்ணெய் பம்ப் வழியாக மெல்ல இறங்கிக் கிராங்க் இருக்கும் இடத்தில் தேங்கிவிடும். பிறகு உதைத்துக் கிளப்பியதும் ப்ரீத்தர் ஒரு கை எண்ணெயைக் கக்கும். சிறிது தூரம் ஓடியதும் நின்றுவிட்டால் ரிங்கைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

இன்றைய வண்டிகளில் ப்ரீத்தர் காற்றை வெளியே விட மாசு விதிகள் இடம் தருவதில்லை. அது ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய், புதுக் காற்றோடு கலந்து, மீண்டும் எரிந்துவிட வேண்டும். வடிந்த எண்ணெயும் தண்ணீரும் பெட்டியின் அடியில் ஒரு சிறு குழாயில் சேரும். அதன் நுனியில் மூடி இருக்கும். பல வண்டிகளில் உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் செய்திருப்பார்கள். அவ்வப்போது கழற்றி வடித்துவிட வேண்டும். மழையில் ஓட்டினாலோ முழு வேகத்தில் ஓட்டினாலோ இன்னும் அடிக்கடி வடிக்க வேண்டும் என்று ஹோண்டாவின் பராமரிப்புக் கையேடுகளே சொல்கின்றன. சர்வீஸ் சீட்டில் இந்த வேலைக்கு ஒரு வரி இருப்பது அபூர்வம். பந்தயத்துக்கென்றே செய்த டர்ட் பைக்குகளில் பலவற்றில் குழாய் நேரே கீழே தொங்கும். அவை சாலைக்கு வருவதில்லை.

ஆராய்ச்சியின் முதல் படி, ஒழுகுவது அந்தக் குழாய்தானா என்று உறுதிசெய்வது. எஞ்சினுக்கு அடியில் தொங்கும் குழாய்கள் நான்கைந்து: கார்புரேட்டர் வடிகால், டேங்க் மூடியின் வடிகால், சில வண்டிகளில் பேட்டரிக்கும் ரேடியேட்டருக்கும் ஒவ்வொன்று. எல்லாம் கறுப்பு ரப்பர், எல்லாவற்றிலும் புழுதி. எஞ்சினைக் கழுவிக் காயவைத்து, நுனிகளில் வெள்ளைத் துணியைச் சுற்றி இருபது கிலோமீட்டர் ஓட்டினால் எந்தத் துணி நனைந்தது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது டிப் ஸ்டிக். இங்கேயே பாதி வழக்குகள் முடிந்துவிடும் என்று சொன்னால் மிகையில்லை. எண்ணெய் மாற்றும்போது ஒரு லிட்டர் டின்னை முழுசாகக் கவிழ்த்துவிடுவது பல பட்டறைகளில் பழக்கம். மிச்சம் வைத்தால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவார் என்ற பயமும் ஒரு காரணம். ஆனால் 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு எண்ணெய் மாற்றும்போது ஒரு லிட்டருக்குக் குறைவே போதும். கூடுதலாக இருக்கும் எண்ணெயைக் கிராங்க் கடைந்து நுரையாக்கும். நுரை பிரிப்பறையைத் தாண்டி எளிதாக வெளியேறும். அளப்பதிலும் தவறு நடக்கிறது. பக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்தால் அளவு பொய் சொல்லும். எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, சமதரையில் வண்டியை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். ஹோண்டா, ஹீரோ வண்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக்கை மரை திருகாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். திருகி அளந்தால் அளவு கூடுதலாகத் தெரியும். வேறு சில வண்டிகளில் முறை வேறு. இதற்கு மட்டுமாவது கையேட்டைத் திறப்பது நல்லது.

அளவு சரியாக இருந்தால், வண்டி அண்மையில் விழுந்ததா என்று கேட்க வேண்டும். மண்பாதையில் விழாத வண்டி இல்லை. படுத்த நிலையில் எண்ணெய் நேரே ப்ரீத்தர் வாயில் வந்து நிற்கும். எஞ்சின் சில நொடி ஓடினாலே ஏர் பெட்டி வரை போய்விடும். மினி லாரியில் படுக்கவைத்து ஏற்றிவந்த வண்டிக்கும் இதுவே கதி. தூக்கி நிறுத்தி, ஏர் பெட்டியைத் துடைத்து, ஃபில்டரைக் கழுவியோ மாற்றியோ, எண்ணெய் அளவைப் பார்த்துச் சேர்த்தால் முடிந்தது. இதற்காக ஹெட்டைக் கழற்றுவது அநியாயம். நீண்ட செங்குத்து ஏற்றமும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்யும். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20. ஏறும்போது எண்ணெய் எஞ்சினின் பின்பக்கம் ஒதுங்கும். ப்ரீத்தர் வாய் அந்தப் பக்கம் உள்ள வண்டியாக இருந்து, எண்ணெயும் மேல் கோட்டைத் தொட்டு நின்றால், மலையில் ஒழுகும், சமவெளியில் ஒழுகாது.

வெளிவந்த எண்ணெயின் நிறமும் மணமும் மூன்றாவது சாட்சி. மோர் போல வெளுத்துக் குழகுழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஏற்காட்டில் குளிர்காலத்தில் வீட்டுக்கும் கடைக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் இது சகஜம். எஞ்சின் முழுச் சூடு ஏறாததால் நீராவி வெளியேறாமல் உள்ளேயே குளிர்ந்துவிடுகிறது. அதே வண்டியை ஒருநாள் நாமக்கல் வரை ஓட்டினால் பெரும்பகுதி போய்விடும். ஓடையைக் கடந்த வண்டியில் தண்ணீர் ஏர் பெட்டி வழியாகவோ குழாய் நுனி வழியாகவோ ஏறியிருக்கலாம். அப்போது உடனே எண்ணெயை மாற்ற வேண்டும். ரேடியேட்டர் உள்ள எஞ்சினில் கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் வாட்டர் பம்ப் சீலையும் ஹெட் கேஸ்கட்டையும் பார்க்க வேண்டும்.

எண்ணெய் நீர்த்துப்போய்ப் பெட்ரோல் வாடை அடித்தால் அது வேறு கதை. கார்புரேட்டர் வண்டியில் மிதவை ஊசி சரியாக அடைக்காமல், பெட்ரோல் டேப்பையும் மூடாமல் இரவு முழுக்க நிறுத்தினால், பெட்ரோல் சிலிண்டருக்குள் ஒழுகி ரிங் வழியே கீழே இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் எண்ணெய் தானாகக் கூடியிருக்கும். எண்ணெய் கூடுகிற எஞ்சினைக் கண்டு மகிழ்பவர்கள் உண்டு, மகிழக்கூடாது. அந்த எண்ணெயில் எஞ்சினை ஓட்டினால் பேரிங் போய்விடும். ஊசியைச் சரிசெய்து எண்ணெயை மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

நான்காவதாகக் குழாயையும் பாதையையும் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் தோட்டத்துக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் குழாய் நுனி திறந்திருந்தால் குளவி மண்கூடு கட்டிவிடும். குழாய் மடங்கி நசுங்கியிருக்கலாம், பழைய எண்ணெய் கெட்டிப்பட்டு அடைத்திருக்கலாம், ஒருவழி வால்வு உள்ள வண்டிகளில் அது சிக்கியிருக்கலாம். அடைபட்ட ப்ரீத்தரின் விசித்திரம், எண்ணெய் அதன் வழியே வராது. கியர் ஷாஃப்ட் சீல், செயின் ஸ்பிராக்கெட் சீல், ஹெட் மூடி கேஸ்கட் என்று வேறு எங்காவது பிதுங்கும். சீலை மாற்றி ஒரே மாதத்தில் மீண்டும் கசிந்தால் குழாயை ஊதிப் பார்க்க வேண்டும். ஒழுகுகிறதே என்று குழாய் நுனியில் போல்ட்டைச் செருகி அடைப்பவர்களும் இருக்கிறார்கள். பிதுங்கும் எண்ணெய் செயின் பக்கமாகப் பின் டயரில் படிந்து, மலை வளைவில் வண்டி சறுக்கினால், மிச்சம் பிடித்தது சில துளி எண்ணெய் மட்டும்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகே பேக் கம்ப்ரஷனுக்கு வர வேண்டும். அதற்குமுன் எளிய சோதனை ஒன்று உண்டு. குழாயை ஏர் பெட்டியிலிருந்து கழற்றி, காலித் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டு, சட்டத்தில் கட்டிவிட வேண்டும். பாட்டில் வாயை இறுக்கி மூடக்கூடாது, காற்று போக வழி வேண்டும். ஏர் பெட்டியில் திறந்த துளையை அடைத்துவிட வேண்டும். எண்ணெயைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து 100 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல் போய்த் திரும்பினால் ஏறக்குறைய அந்தத் தூரம். பாட்டிலின் அடியில் சில துளி இருந்தால் கவலையில்லை. பல மில்லி சேர்ந்திருந்து, எண்ணெய் அளவும் கோட்டில் இறங்கியிருந்தால் உள்ளே கோளாறு நிச்சயம். சோதனை முடிந்ததும் குழாயைப் பழையபடி மாட்டிவிட வேண்டும்.

கம்ப்ரஷன் கேஜ் அடுத்த சாட்சி. ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்து உதைத்து அளக்க வேண்டும். அளவு குறைந்தால் பிளக் துளை வழியே ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் தேய்ந்திருக்கின்றன, ஏறாவிட்டால் வால்வில் கோளாறு. இப்போதைய எஞ்சின்கள் பலவற்றில் எளிதாகக் கிளம்புவதற்காக வால்வைச் சற்றே தூக்கும் டீகம்ப்ரஸர் உண்டு. அவற்றில் கேஜ் குறைவாகக் காட்டுவது இயல்பு. கையேட்டு எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

இதைவிடத் துல்லியம் காற்றுச் சோதனை. கம்ப்ரஸர் இல்லாத பஞ்சர் கடை இந்தப் பக்கத்தில் கிடையாது என்பதால் செய்வதும் கடினமில்லை. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, கிராங்க் சுழலாமல் பூட்டி, பிளக் துளையில் பொருத்திய நிப்பிள் வழியே குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்துக் காதால் கேட்க வேண்டும். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ப்ரீத்தரில் சீறினால் ரிங். அங்கேயும் ஒரு விதிவிலக்கு: டைமிங் செயின் ஓடும் பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஹெட் கேஸ்கட் வெந்துபோனால் அந்தக் காற்றும் ப்ரீத்தரில்தான் வரும். கேஸ்கட் கழன்று வந்ததும் கரித்தடம் காட்டிக்கொடுக்கும்.

புகையும் பேசும். கொல்லிமலையிலிருந்து ஆக்ஸிலேட்டரை மூடி இரண்டாம் கியரில் இறங்கி, அடிவாரத்தில் மீண்டும் முறுக்கும்போது நீலப்புகை ஒரு மூச்சு வந்தால் வால்வு கைடு சீல். ஏற்றத்தில் இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். ப்ரீத்தரில் எண்ணெய் வருவதும் சைலன்சரில் நீலப்புகை வருவதும் சேர்ந்தே இருந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. ஏர் ஃபில்டர் எண்ணெயில் ஊறியிருந்தாலும் புகை வரும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ரிங் ஏன் தேய்கிறது என்பதற்கு இந்த மண்ணே விடை. சேலத்தில் வெள்ளைக்கல் சுரங்கங்களின் தூசி கண்ணுக்கு உறுத்தலாகத் தெரியும். ஆனால் அந்த வெள்ளைக்கல்லான மேக்னசைட் மென்மையான தாது, கடினத்தன்மை மோஸ் அளவில் 4-ஐ ஒட்டியது. எஞ்சினைத் தின்பது கண்ணுக்கு உறுத்தாத தூசி. கல் கிரஷர் புழுதியிலும் கரட்டு மண்ணிலும் இருக்கும் குவார்ட்ஸின் கடினத்தன்மை 7. இரும்பு சிலிண்டரை அரம் போல அராவும். ஃபில்டர் பெட்டியின் மூடி சரியாக உட்காராமலோ, ஃபோம் ஃபில்டருக்கு அதற்குரிய எண்ணெய் தடவாமலோ ஒரு கோடை ஓட்டினால் புது போர் பழைய போர் ஆகிவிடும். ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டர் பக்கத்துக் குழாயில் விரலை விட்டுத் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறதா என்று பார்ப்பது கேஜைவிட மலிவான சோதனை. அங்கே மண் இருந்தால் ரிங் மாற்றுவதற்கு முன் அது வந்த வழியை அடைக்க வேண்டும். இல்லையென்றால் புது ரிங்குக்கும் அதே ஆயுள்தான். போர் அளவுக்குள் இருந்தால் ரிங் மட்டும் மாற்றி ஹோனிங் செய்தால் போதும், தாண்டியிருந்தால் லேத்தில் ரீபோர் செய்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பூச்சுப் பூசிய அலுமினிய சிலிண்டர்களில் ரீபோர் நடக்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ் 100 இன்றும் இங்கே ஓடுகிறது. அதன் கிராங்க்கேஸே பெட்ரோல் காற்றை அமுக்கி மேலே அனுப்பும் பம்ப். அதற்கு ப்ரீத்தர் கிடையாது. இருப்பது கியர்பாக்ஸின் மூச்சுக்குழாய். அதில் எண்ணெய் வந்தால் கியர் ஆயில் அதிகம் ஊற்றியிருக்கலாம், அல்லது கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் போயிருக்கலாம். சீல் போனால் கியர் ஆயில் குறைந்துகொண்டே வரும், சைலன்சரில் வெண்புகை மண்டும்.

பழைய மண்பாதை வண்டி வாங்கப் போகிறவர்கள், பெயின்ட்டையும் டயரையும் பார்த்து முடித்ததும் ஏர் பெட்டிக்கு அடியிலுள்ள அந்தச் சிறு குழாயின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். விற்பவர் வண்டியைக் கழுவி மெழுகு பூசியிருப்பார். அந்தக் குழாயை வடித்திருக்க மாட்டார்.